பனங்காயை முந்தும் கார்

மகிந்திரா என்றால் நமக்கு டிராக்டரும் பொலிரோவும்தான் ஞாபகம் வரும். அந்தக் குழுமம் 2015-ல் இத்தாலியின் பினின்ஃபரீனா நிறுவனத்தை வாங்க ஒப்பந்தம் போட்டது. பிறகு அந்தப் பெயரிலேயே ஒரு கார் கம்பெனி தொடங்கியது. அது 2019-ல் ஜெனீவா கண்காட்சியில் காட்டிய மின்சாரக் கார்தான் ‘பாட்டிஸ்டா’. மொத்தமே 150 கார்தான் என்று அறிவித்தார்கள். விலை பல கோடி. வாங்குகிறவர் கேட்கிற நிறம், கேட்கிற தையல்!

சக்கரத்துக்கு ஒன்றாக 4 மோட்டார், 1900 குதிரைத்திறன். நம்ம கழனியில் ஓடுகிற 5 குதிரைத்திறன் பம்புசெட் 380 சேர்ந்தால்தான் அதுக்கு ஈடு. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 1.86 நொடியில் எட்டிவிடும்.

பாடத்தில் படித்த முடுக்கக் கணக்கை இதற்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 100 கி.மீ. என்றால் நொடிக்கு 27.8 மீட்டர். 1.86-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 15 வருது. புவியீர்ப்பு முடுக்கமே 9.8தானே! மரத்திலிருந்து விழுகிற பனங்காய்கூட இவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்காது. பெட்ரோல் என்ஜின் சுற்று ஏறின பிறகுதான் முழு இழுவை தரும். மின்மோட்டார் சுழல ஆரம்பிக்கும்போதே தந்துவிடும்.

பேட்டரி 120 யூனிட் பிடிக்கும். நம்ம அரசு 2016-ல் வீடுகளுக்கு அறிவித்த இலவச மின்சாரம் 2 மாதத்துக்கு 100 யூனிட். அதுக்குள்ள அடங்கணும்னு எங்க அம்மா சுவிட்சை அணைச்சுக்கிட்டே இருப்பாங்க. இந்தக் காருக்கு ஒரு தடவை முழுசா சார்ஜ் போடக்கூட அது பத்தாது.