அறுபது நிமிடம்: அளந்தது யார்?

ஃபிட் இந்தியா பள்ளி வாரம் வந்துவிட்டால் பள்ளிகளில் படமும் விவரமும் பதிவேற்றும் அவசரம் தொற்றிக்கொள்ளும். கெடு நெருங்க நெருங்க, தேனி மாவட்டத்தின் கம்பம், சின்னமனூர், போடி பக்கத்து வாசகர்களின் கடிதங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 600 மீட்டர் ஓட்டத்தில் பிள்ளை பின்தங்கினால் இதயம் பலவீனம் என்று அர்த்தமா? எல்லா மாணவரும் தினமும் 60 நிமிடம் ஓடியாடுவதாகப் பள்ளி சொல்கிறதே, அதை யார் அளந்தார்கள்?

முதலில் இந்த இரண்டையும் பிரித்துவிட வேண்டும். 600 மீட்டர் ஓட்டம் காட்டுவது அன்றைக்கு உடம்பில் இருக்கும் தெம்பு. 60 நிமிடம் என்பது அன்றாடப் பழக்கம். ஒன்றை வைத்து மற்றொன்றை எழுதிவிட முடியாது.

ஃபிட் இந்தியா கொடி பெறுவதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர், விளையாட்டு மைதானம், ஒவ்வொரு வகுப்புக்கும் தினமும் ஒரு பி.டி. பீரியட் ஆகியவற்றோடு, எல்லா மாணவரும் நாளுக்கு 60 நிமிடமோ அதற்கு மேலோ உடல் உழைப்பில் ஈடுபடுவதும் ஒரு நிபந்தனை. இவையெல்லாம் இருப்பதாகப் பள்ளியே அறிவித்துச் சான்று பெறுகிறது. ஆகவே சான்றிதழில் இருக்கும் 60 நிமிடம் பள்ளியின் வாக்குமூலம்தான். யாரும் கருவி வைத்து அளந்த கணக்கு அல்ல.

ஆராய்ச்சியாளர்கள் அளப்பது வேறு விதம். ஆக்சிலரோமீட்டர் என்ற தீப்பெட்டி அளவுக் கருவியைப் பிள்ளையின் இடுப்பில் கட்டிவிடுவார்கள். உடம்பு குலுங்கும் வேகத்தை அது எண்களாகப் பதியும். எண் ஒரு வரம்பைத் தாண்டினால் அது மூச்சு வாங்கும் ஆட்டம்; தாண்டாவிட்டால் லேசான அசைவு. கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது.

கபடியையே எடுத்துக்கொள்வோம். ரெய்டு போகிறவனுக்கு 30 விநாடி. பாய்ந்து தொட்டுத் திரும்பியதும் தன் பக்கம் வந்து நின்றுவிடுவான். அந்த ஒரு நிமிடத்தை 15 விநாடித் துண்டுகளாக்கினால் கருவியில் 1200, 1000, 60, 20 என்று பதிவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 2280. பரவலாகப் பயன்படும் எவன்சன் வரம்பு நிமிடத்துக்கு 2296. நிமிடக் கணக்கில் பார்த்தால் அவன் ஆடவே இல்லை. லேசான அசைவு என்று போய்விடும். அதே வரம்பை 15 விநாடிக்குப் பிரித்தால் 574. இப்போது முதல் இரண்டு துண்டுகளும் தேறி, 30 விநாடி ஆட்டம் கணக்கில் ஏறிவிடும். ஆடியவனும் ஆட்டமும் ஒன்றுதான். துண்டின் நீளம் மாறியதும் தீர்ப்பு மாறிவிட்டது.

பிள்ளைகள் ஆடும் விதமே இப்படித்தான். 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை நேரடியாகக் கவனித்தபோது, கடும் ஓட்டம் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 3 விநாடிதான் நீடித்தது. நிமிடக் கணக்கு இதைக் கரைத்துவிடும். வரம்பும் எல்லோருக்கும் ஒன்றல்ல. பூயா குழு 2002இல் வகுத்தது 3200. நிமிடத்துக்கு 2500 பதிந்த பிள்ளை எவன்சன் கணக்கில் தேறும், பூயா கணக்கில் தேறாது. எந்த வரம்பு, எத்தனை விநாடித் துண்டு என்று சொல்லாமல் இத்தனை சதவீதப் பிள்ளைகள் போதிய அளவு ஆடவில்லை என்று யார் அறிவித்தாலும், அந்த எண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது.

கம்பம் பள்ளத்தாக்கில் இன்னொரு குறையும் சேர்கிறது. அரசு தரும் விலையில்லா சைக்கிளில் பள்ளிக்கு மிதித்துப் போகும் பிள்ளையின் இடுப்பு அதிகம் குலுங்குவதில்லை. கருவி அதைக் குறைத்தே காட்டும். குரங்கணி ஏற்றத்தில் நடந்தாலும், திராட்சைத் தோட்டத்தில் பெட்டி சுமந்தாலும் இதயம் கூடுதலாக உழைக்கும். கருவிக்கோ அதுவும் சமதளத்தில் வெறுங்கையோடு நடப்பதும் ஏறக்குறைய ஒன்று. முல்லைப் பெரியாற்றில் நீந்தப் போனால் பெரும்பாலும் கருவியைக் கழற்றிவைக்க வேண்டும்.

அப்படியானால் ஆட்டத்துக்கும் இதய நலத்துக்கும் தொடர்பு என்பதெல்லாம் பொய்யா? இல்லை. 14 ஆய்வுகளில் கருவி கட்டிய 20,871 பிள்ளைகளின் பதிவுகளை ஒரே வரம்பில் மறுபடி கணக்கிட்டு, எகெலுண்ட் குழு 2012இல் வெளியிட்டது. மூச்சு வாங்க ஆடும் நேரம் கூடிய பிள்ளைகளுக்கு, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும், இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், இன்சுலின், டிரைகிளிசரைடு எல்லாமே மேலான நிலையில் இருந்தன. ஆனால் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்ததில், தொடக்கத்து ஆட்டம் பிந்தைய இடுப்புச் சுற்றளவைத் தீர்மானிக்கவில்லை. தொடக்கத்திலேயே இடுப்பு பெருத்த பிள்ளைகள்தான் பின்னர் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்கள். எது காரணம், எது விளைவு என்பதில் அவசரத் தீர்ப்பு கூடாது.

60 என்பதும் கோடு கிழித்த எண் அல்ல. டென்மார்க், எஸ்டோனியா, போர்ச்சுகல் பிள்ளைகளை ஆராய்ந்த 2006ஆம் ஆண்டு ஆய்வு 90 நிமிடம் வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் தினமும் குறைந்தது 60 என்றது. 2020இல் அதை வாரச் சராசரியாக நாளுக்கு 60 என்று மாற்றியது.

மற்ற கேள்விகளுக்கு வரிக்கு ஒன்றாகப் பதில்:

கைக்கடிகாரத்தின் காலடிக் கணக்கு போதுமா? நேற்றையும் இன்றையும் ஒப்பிட மட்டும் உதவும்.

கருவியை எத்தனை நாள் கட்ட வேண்டும்? விடுமுறை நாள் ஒன்றையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் என்பது வழக்கம்.

யோகா சேருமா? நல்லதுதான், ஆனால் மூச்சு வாங்காத ஆசனங்களை இந்தக் கருவி ஆட்டமாக எண்ணாது.

ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால்? உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும், மாவட்டத்தில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இந்த வாரம் என் பிள்ளைக்கு எத்தனை பி.டி. பீரியட் நடந்தது, அதில் எத்தனை கணக்கு வாத்தியாரிடம் போனது? இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வகுப்புக் கால அட்டவணையும் பிள்ளையின் பதிலும் போதும்.