பகலுணவுப் பொதி: அளவை விடப் பங்கீடே முக்கியம்

காலை வேளையில் கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்திலும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கண்டி போன்ற நகரங்களின் பஸ் நிலையங்களிலும் வந்திறங்கும் உத்தியோகத்தர்களின் கைப்பைகளில் பெரும்பாலும் ஒரு பகலுணவுப் பொதி இருக்கும். வாரத்தில் ஐந்து நாள், மாதத்தில் இருபது நாள் என்று கணக்கிட்டால், ஓர் உத்தியோகத்தர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 240 வேளை உணவை வீட்டுக்கு வெளியே உண்கின்றார். முப்பது ஆண்டு காலச் சேவையில் இது ஏழாயிரம் வேளையைத் தாண்டிவிடுகின்றது. ஒருவருடைய உடல்நலத்தைத் தீர்மானிப்பதில் இந்த ஏழாயிரம் பொதிகளுக்குள்ள பங்கு சிறிதன்று. எனினும் பொதிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றி நாம் நின்று சிந்திப்பது அரிது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவ்விடயத்தை மேலும் கூர்மையாக்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. கடைச் சாப்பாட்டைக் கைவிட்டு வீட்டிலிருந்து பொதி கொண்டு செல்வது பலருக்குக் கட்டாயமாயிற்று. அது நல்லதொரு மாற்றமே. ஆனால் சிக்கனம் என்று வரும்போது பொதியிலிருந்து முதலில் நீங்குவன மீனும் முட்டையும் மரக்கறியுமே, சோறு குறைவதில்லை. விலைவாசி ஏறும் வேகம் பின்னர் தணிந்தபோதிலும் ஏறிய விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. குறைந்த கறியுடன் கூடிய அந்தப் பொதியே பல வீடுகளில் வழக்கமாக நிலைத்துவிட்டது.

இதன் விளைவு பாரதூரமானது. 2018-2019 காலப்பகுதியில் நாடளாவிய ரீதியில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று, இலங்கையில் வயது வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறிந்தது. தெற்காசியர்களாகிய நாம், ஐரோப்பியரை விடக் குறைந்த உடல் எடையிலேயே இந்நோய்க்கு ஆளாகக்கூடியவர்கள் என்பதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மையாகும். ஆகவே, மெலிந்த தோற்றமுடையவர் தமக்கு ஆபத்தில்லை என்று கருதியிருக்க முடியாது.

நமது பொதியின் அமைப்பைச் சற்று நோக்குவோம். நடுவே குவிந்த சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பருப்பு, இன்னோர் ஓரத்தில் உருளைக்கிழங்குப் பிரட்டல், சிறிது சம்பல், மேலே ஒரு துண்டு கருவாடு அல்லது பப்படம் என்பதே பொதுவான தோற்றம். வயலிலும் தோட்டத்திலும் நாள் முழுவதும் உடல் வருந்த உழைத்தவனுக்கு இவ்வமைப்புப் பொருந்தியது. அவனது உழைப்பு அந்தச் சோற்றைச் சக்தியாகச் செலவிட்டது. கதிரையில் எட்டு மணித்தியாலம் அமர்ந்து கணினியைப் பார்ப்பவர்களாக நாம் மாறிவிட்டோம். பொதி மட்டும் மாறவில்லை. ஒரு கோப்பைச் சோற்றில் சுமார் 200 கலோரி உண்டு. மூன்று கோப்பைச் சோறு என்றால் கறி எதையும் சேர்க்காமலே 600 கலோரி. உருளைக்கிழங்கும் மாப்பொருளே என்பதால், அது சோற்றுக்குக் கறியாவதை விடச் சோற்றின் இன்னொரு பங்காகவே கணிக்கப்பட வேண்டும்.

பெருமளவு வெள்ளையரிசிச் சோற்றை ஒரே வேளையில் உண்ணும்போது அது விரைவில் சமிபாடடைந்து குருதியில் குளுக்கோசின் அளவை உயர்த்துகின்றது. அதனைக் கட்டுப்படுத்த இன்சுலின் கூடுதலாகச் சுரக்கின்றது. இரண்டு மணிக்கு ஏற்படும் தூக்கக் கலக்கத்துக்கும், வயிறு நிரம்ப உண்டும் நான்கு மணிக்கே மீண்டும் எழும் பசிக்கும் இந்த ஏற்றமும் இறக்கமும் முக்கிய காரணமாகும். பசியை நீண்ட நேரம் அடக்குபவை புரதமும் நார்ப்பொருளுமே. இவை இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வேகத்தைத் தணிக்கின்றன. எனவே பசி தாங்கவில்லை என்பதற்காகச் சோற்றைக் கூட்டுவது பயனற்றது. கூட்ட வேண்டியது கறியை.

இதற்கு இலகுவான வழி பொதியை மனதால் நான்காகப் பிரித்துக்கொள்வதாகும். இரண்டு பங்கு மரக்கறிக்கும் கீரைக்கும், ஒரு பங்கு புரத உணவுக்கும், எஞ்சிய ஒரு பங்கு மட்டும் சோற்றுக்கும் உரியது. சோறு ஒரு கோப்பை முதல் ஒன்றரைக் கோப்பை வரை அமையலாம். தவிடு முற்றாக நீக்கப்படாத சிவப்பரிசியாயின் மேலும் நன்று. வடக்கின் மொட்டைக்கறுப்பன், கிழக்கிலும் பிற பகுதிகளிலும் அறியப்பட்ட பச்சைப்பெருமாள் போன்ற பாரம்பரிய அரிசிகள் கிடைக்குமிடத்து அவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் சிவப்பரிசி என்பதற்காக மூன்று கோப்பை உண்பது நோக்கத்தையே கெடுத்துவிடும்.

புரதம் என்றதும் விலையே பலரது நினைவுக்கு வருகின்றது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உள்ளது. அரைக் கோப்பை அவித்த பயறோ கடலையோ ஏறத்தாழ 7 கிராம் தருகின்றது. அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது நிறைவு. எனவே சோறும் பயறும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றது ஈடுசெய்கின்றது. ஆனால் சொதி போல் நீர்த்த பருப்புக் கறி ஒரு கரண்டி இதற்குப் போதாது. கெட்டியாக, அரைக் கோப்பையளவு வேண்டும். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி உணவை மாத்திரம் கொள்ளும் இந்துக் குடும்பங்கள் இதனைச் சிறப்பாகக் கவனத்திற் கொள்ள வேண்டும். அந்நாட்களில் மீன் நீங்கிய இடத்தை உருளைக்கிழங்கு பிடித்துக்கொள்வதே வழக்கம். அவ்விடத்தில் கடலைக் கறி, கௌபி, சோயா ஆகியவற்றுள் ஒன்றை வைக்கலாம். சோயாவுடன் வரும் சுவையூட்டித் தூளில் உப்பு மிகுதி என்பதால் அதனைத் தவிர்த்து வீட்டுத் தூளில் சமைப்பது நல்லது. அசைவ நாட்களில் நெத்தலி, சாளை போன்ற சிறு மீன்கள் பெரிய மீனுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குச் செல்லும் முஸ்லிம் சகோதரர்களுக்கு உணவுக்கென எஞ்சும் நேரம் குறுகியது. வழியில் கிடைக்கும் கொத்து ரொட்டியோ பொரித்த சோறோ அவசரத்துக்கு உதவினாலும் எண்ணெயும் உப்பும் அவற்றில் அதிகம். அவித்த முட்டை, கடலை, வெள்ளரிக்காய், ஒரு பழம் எனப் பத்து நிமிடத்தில் உண்ணத்தக்க பொதியொன்று அன்றைய தினத்துக்குப் பொருத்தமானது. மலையகத்தில் ரொட்டியும் சம்பலுமே பகலுணவாகச் செல்வது வழக்கம். கோதுமை மாவுடன் குரக்கன் மாவைக் கலந்து, முருங்கையிலையோ வெங்காயமோ சேர்த்துச் சுட்டு, உடன் ஒரு முட்டையையோ பருப்பையோ வைத்தால் அதே ரொட்டி நிறைவான உணவாகிவிடும்.

கீரை பொதியில் இடம்பெற வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் சோர்வுறும் பெண்கள் நம் மத்தியில் ஏராளம். வல்லாரைச் சம்பலிலோ பொன்னாங்காணி வறையிலோ பிழியப்படும் தேசிக்காய்ப் புளியில் உள்ள விற்றமின் சி, இரும்புச்சத்தை உடல் உறிஞ்சிக்கொள்ள உதவுகின்றது. மாறாக, உணவு முடிந்த கையோடு அருந்தும் தேநீர் அதனைத் தடுக்கின்றது. ஒரு மணித்தியாலம் பொறுத்து அருந்துவதில் நட்டம் எதுவுமில்லை.

விடிகாலை ஐந்து மணிக்குச் சமைத்த உணவை ஒரு மணிக்கு உண்பதில் உள்ள ஆபத்தையும் மறத்தலாகாது. சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருத்தல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுறுத்தல். சோற்றில் வளரும் ஒருவகைப் பக்டீரியா உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்குவதாலும் அழிவதில்லை. ஆகவே இரவு முழுவதும் அடுக்களையில் வெளியே கிடந்த சோற்றைக் காலையில் சூடாக்கிக் கட்டுவது தகாது. சூட்டைக் காக்கும் பாத்திரத்தில் ஆவி பறக்க அடைப்பது ஒரு வழி. ஆறவைத்துக் கட்டி, அலுவலகத்தை அடைந்தவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது மற்றொரு வழி. இரண்டுக்கும் வசதியில்லாதோர் விரைவில் பழுதாகும் பாற்கறிகளையும் பச்சைத் தேங்காய்ச் சம்பலையும் தவிர்த்து, நீர் வற்றிய வறை, பிரட்டல், புளி சேர்ந்த கறி ஆகியவற்றைத் தெரிவது ஓரளவு பாதுகாப்பானது. உணவு சுற்றும் பொலித்தீன் தாள்கள் 2017 செப்டெம்பர் முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டவை. ஒருமுறை வாங்கும் எவர்சில்வர்ப் பெட்டி பல்லாண்டு உழைக்கும்; வாட்டிய வாழையிலையும் நம்மிடம் உண்டு.

பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் வரும் தேநீர் வேளைகளே பொதியின் நன்மையைக் குலைப்பவை. ஒரு கோப்பைத் தேநீரில் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் சுமார் 8 கிராம். நாளொன்றுக்கு மூன்று கோப்பை அருந்துவோர் 24 கிராம் சீனியைத் தேநீரில் மட்டுமே உட்கொள்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் உகந்ததெனக் கூறும் நாளாந்த எல்லை ஏறத்தாழ 25 கிராம். இதனோடு சிற்றுண்டிச்சாலையின் ரோல்ஸ், பற்றிஸ், மாலு பாண் என்பன சேர்கின்றன. இவற்றுள் பெரும்பகுதி வெள்ளை மாவும் எண்ணெயுமே. ஒரு பிடி கச்சான், அவித்த கடலை, பயறு, கொய்யா, பப்பாசித் துண்டுகள், பனையின் கொடையான புழுக்கொடியல் ஆகியன இவ்விடத்தை நிரப்பலாம். மென்பானம் வாங்குவோர், 2016ஆம் ஆண்டு முதல் போத்தலில் இடப்பட்டு வரும் சீனி அளவு குறித்த நிற அடையாளத்தையாவது நோக்க வேண்டும். சிவப்பு நிறம் எச்சரிக்கை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனையையும் சொல்லிவிட்டு, இப்பொதியைக் கட்டுவது யார் என்று கேளாதிருப்பது நியாயமாகாது. பெரும்பாலான வீடுகளில் நான்கரை மணிக்கு எழுந்து கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பொதி கட்டிய பின்னர், தாமும் வேலைக்கு ஓடுபவர் பெண்ணே. மூன்று கறி வேண்டும், கீரை வேண்டும் என்னும் ஆலோசனை அவரது சுமையை மேலும் கூட்டுமாயின் அது ஆலோசனையன்று. பயறும் கடலையும் முதல் நாள் இரவே ஊறவைக்கப்படலாம். மரக்கறி நறுக்கி, கீரை ஆய்ந்து வைக்கப்படலாம். இவை ஆண்களாலும் வளர்ந்த பிள்ளைகளாலும் செய்யத்தக்க வேலைகளே. பொதியை உண்பவர் அதனைத் தயாரிப்பதிலும் பங்குகொள்ள வேண்டும்.

நிறுவனங்களுக்கும் இதில் கடமையுண்டு. ஒரு குளிர்சாதனப் பெட்டி, சுத்தமான குடிநீர், கை கழுவ இடம், மேசையில் கோப்புகளுக்கு நடுவே உண்ணாமல் அமர்ந்துண்ண ஓர் அறை, குறுக்கிடப்படாத அரை மணித்தியாலம் ஆகியவை பெருஞ்செலவு வேண்டும் காரியங்களல்ல. ஊழியர் நோயுற்று விடுமுறை எடுப்பதால் நேரும் இழப்புடன் ஒப்பிடுகையில் அற்பமானவையே.

நீரிழிவு வந்த பின்னர் மருந்துக்கும் சிகிச்சைக்கும் செலவிடும் பணத்தைத் தேடுவது எத்துணை கடினம் என்பதை ஏறத்தாழ ஒவ்வொரு குடும்பமும் இன்று அறியும். நாளைய பொதியில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி பயற்றைக் கூட்டுவது அதைவிட எளிது. மாற்றத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.