எட்டு விநாடி அவகாசம்

2024 மே 21. லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்க்யூ 321 விமானம் மியான்மருக்கு மேலே 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. லேசான அதிர்வு தொடங்கி 11 விநாடிகளில், சீட் பெல்ட் விளக்கு போடப்பட்டதாக விமானி சொல்வது பதிவாகியிருக்கிறது. அடுத்த எட்டாவது விநாடியில் விமானம் சட்டென்று கீழே அமுங்கியது. பெல்ட் போடாதவர்கள் இருக்கையை விட்டு எகிறினார்கள். நான்கு விநாடிக்குள் விமானம் மேலெழும்ப, அப்படியே கீழே விழுந்தார்கள். 73 வயதுப் பயணி ஒருவர் உயிரிழந்தார். மாரடைப்பாக இருக்கலாம் என்றார்கள். பாங்காக்கில் சிகிச்சை பெற்றவர்களில் 22 பேருக்கு முதுகுத்தண்டில் அடி.

இத்தனைக்கும் விமானம் இறங்கியது 178 அடிதான். உயரம் குறைந்ததைவிட, அது குறைந்த வேகம்தான் ஆளை அடித்தது. கிணற்று வாளியைச் சரேலென்று கீழே இழுத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் மேலே தெறிக்கும் அல்லவா? அதுபோல விமானம் தாழும்போது, அதோடு பிணைக்கப்படாத உடம்பு பின்தங்கிவிடுகிறது. கூரை வந்து தலையில் மோதுகிறது.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில், ஓட்டப்பிடாரத்துக்காரர்களுக்குப் பக்கத்து விமான நிலையமான வாகைக்குளத்தில் 2025 ஜூலை 26 அன்று புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. முதல்முறை விமானம் ஏறுகிறவர்கள் இனி இந்தச் சீமையிலிருந்து நிறையப் பேர் கிளம்புவார்கள். அவர்களுக்குப் பெல்ட்டின் அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படியொரு விபத்து நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2022 மே 1 அன்று மும்பையிலிருந்து துர்காபூர் சென்ற ஸ்பைஸ்ஜெட் விமானம், தரையிறங்கத் தாழ்ந்துகொண்டிருந்தபோது கடுமையான காற்றுக் குலுக்கலில் சிக்கியது. ஆட்டோ பைலட் விலகியதால் இரண்டு நிமிடம் விமானிகளே கையால் ஓட்ட நேர்ந்தது. பயணிகள் 14 பேரும் பணியாளர்கள் மூவரும் காயமடைந்தார்கள். தலையிலும் முதுகிலும் தோளிலும் அடி. காயமடைந்த பயணி ஒருவர், பல மாத சிகிச்சைக்குப் பிறகு செப்டம்பரில் இறந்துபோனார். பெல்ட் விளக்கு அப்போது எரிந்துகொண்டிருந்தது என்றும், பலமுறை அறிவித்தோம் என்றும் நிறுவனம் கூறியது.

இடிமேகம் ரேடாரில் தெரியும். விமானி சுற்றிக்கொண்டு போவார். மேகமே இல்லாத தெளிந்த வானிலும் காற்றோட்டங்கள் ஒன்றோடொன்று உரசி விமானத்தைக் குலுக்கும். அதை ரேடார் காட்டாது. வட அட்லாண்டிக்கின் மேல் இந்த வகைக் கடுமையான குலுக்கல் 1979க்கும் 2020க்கும் இடையே 55 சதவீதம் கூடியிருப்பதாக, இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வு 2023இல் சொன்னது. புவி வெப்பமாவதோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அதிகம் அடிபடுகிறவர்கள் பணியாளர்கள் என்பதை நாம் யோசிப்பதே இல்லை. அமெரிக்காவில் 2009 முதல் 2022 வரை குலுக்கலில் பலத்த காயமடைந்த 163 பேரில் 129 பேர் விமானப் பணியாளர்கள். நமக்குக் காபி ஊற்ற நிற்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் பெல்ட் ஏது? 2024 விபத்துக்குப் பின் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பெல்ட் விளக்கு எரியும்போது சாப்பாடு பரிமாறுவதையே நிறுத்தியது. விளக்கு எரியும்போது "தண்ணி கொடும்மா" என்று அவர்களை எழுப்பாமல் இருப்பது நம்மால் முடிகிற காரியம்.

விளக்கு அணைந்த பிறகும் உட்கார்ந்திருக்கும் வரை பெல்ட் இடுப்பில் இருக்கட்டும். தூங்குவதானால் போர்வைக்கு மேலாகப் போட்டுக்கொண்டால், பணியாளர் எழுப்பிப் பார்க்க வேண்டியிருக்காது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் குழந்தைக்கான தனி பெல்ட்டை ஏறியதுமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.