அபராதச் செய்தி வந்தால் தூக்கம் போகிறதா?

விழுப்புரத்தில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்குச் சென்னை விமான நிலையத்துக்குச் சவாரி. வண்டியில் ஏறியவரோ கால் மணி நேரம் தாமதமாக வந்து, "கொஞ்சம் வேகமா போங்கண்ணா" என்கிறார். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் ஆக்சிலரேட்டரில் கால் அழுந்துகிறது. கூட்டேரிப்பட்டைக் கடந்து திண்டிவனத்தை நெருங்கும்போது சாலையோரம் காவல் துறை வாகனம் நிற்கிறது. பக்கத்தில் ஒருவர் கையில் ஸ்பீடு கன். பிரேக்கை மிதித்துவிட்டார். ஆனால் தாமதமாகிவிட்டது என்று அவருக்கே தெரிகிறது.

யாரும் நிறுத்தவில்லை. சவாரியும் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அன்று மாலையிலிருந்து கைப்பேசி 'டிங்' என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. தட்டில் போட்ட தோசை பாதியிலேயே கிடக்கிறது. "என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று மனைவி கேட்டால், "ஒண்ணுமில்ல, போய்ப் படு" என்று எரிந்து விழுகிறார். இரவு இரண்டு மணிக்குக் கூரையைப் பார்த்தபடி கணக்குப் போடுகிறார். ஃபைன் எவ்வளவு வரும்? லைசென்ஸைப் பிடுங்கிவிட்டால் மாதத் தவணையை எப்படிக் கட்டுவது? கோர்ட்டுக்குப் போகச் சொல்வார்களோ?

சிறிய தவறுதானே என்று மற்றவர்களுக்குத் தோன்றலாம். ஓட்டுநர் உரிமத்தை நம்பிச் சோறு உண்பவருக்கு அது சிறிய விஷயம் இல்லை. இந்தக் கவலை உடம்பை என்ன செய்கிறது, அதை எப்படி அடக்குவது, எதை அடக்கக் கூடாது என்பதைப் பார்ப்போம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஆபத்து என்று மூளை நினைத்த மறுகணமே, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும். மூச்சு மேலோட்டமாகும். செரிமானம் மந்தமாகி, வாய் வறண்டு, உள்ளங்கை வியர்க்கும். எதிரே புலி வந்தால் ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது.

புலி போய்விட்டால் உடம்பு அடங்கிவிடும். அபராதச் சலான் பற்றிய கவலையில் சிக்கல் என்னவென்றால், எதிரே புலியும் இல்லை, அது போய்விட்டது என்ற நிம்மதியும் இல்லை. 'வருமா, வராதா' என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் மட்டுப்படாது. அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தைக் கலைக்கும். ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்த நாள்களில் மாத்திரையைத் தவறவிடவே கூடாது. ஆனால் மன உளைச்சலில் முதலில் மறந்துபோவது அந்த மாத்திரைதான்.

இந்த அறிகுறிகள் உண்டா?

* காரணமில்லாமல் நெஞ்சு படபடப்பது, கை நடுங்குவது
* அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது, வயிற்றைப் பிசைவது
* படுத்ததும் தூக்கம் வராமல், நடந்ததையே மனத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது
* பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியை எடுத்துப் பார்ப்பது
* வீட்டாரிடம் காரணமில்லாத எரிச்சல்
* டீ, சிகரெட், மது வழக்கத்தைவிடக் கூடுவது

இவற்றில் இரண்டு மூன்று ஓரிரு நாள் இருந்து மறைந்தால் அது இயல்பான பதற்றம். வாரக் கணக்கில் நீடித்தால் கவனிக்க வேண்டும்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

பதற்றத்துக்கு நல்ல மருந்து, சரியான தகவல். டீக்கடையில் ஒருவர் "பத்தாயிரம் தீட்டிடுவாங்க" என்பார். இன்னொருவர் "உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க" என்பார். உண்மை அந்த அளவுக்குப் பயங்கரமானதில்லை.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவின்படி, கார் போன்ற இலகுரக வாகனம் வரம்பு மீறிய வேகத்தில் சென்றால் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். நடுத்தர, கனரகப் பயணிகள் வாகனங்களுக்கும் சரக்கு வாகனங்களுக்கும் 2,000 முதல் 4,000 வரை. இந்தப் பிரிவில் சிறைத் தண்டனை கிடையாது. பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும்படி ஓட்டினால் மட்டுமே 184-வது பிரிவு வரும்; அதில்தான் சிறைக்கும் இடமுண்டு.

லைசென்ஸ் பயத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, ஓட்டும்போது கைப்பேசியில் பேசுவது போன்ற குற்றங்களுக்கு உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று, சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2015-ல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனால் உரிமத்தை நிறுத்துவதற்கு முன், உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து வரும் நோட்டீஸைப் பிரிக்காமல் பரணில் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. பிரித்துப் படியுங்கள், கேட்ட தேதிக்குள் பதில் கொடுங்கள்.

இன்னொன்றும் பல ஓட்டுநர்களுக்குத் தெரியாது. தன்னிடம் வேலை செய்பவரை வரம்பு மீறி ஓட்ட வைக்கும் முதலாளிக்கும் இதே 183-வது பிரிவு பொருந்தும். வேகத்தை மீறாமல் போய்ச் சேரவே முடியாத ஒரு நேரத்தைக் குறித்து, 'இத்தனை மணிக்கு அங்கே இருக்கணும்' என்று உத்தரவு போட்டிருந்தால், அந்த உத்தரவே அவருக்கு எதிரான முகாந்திரச் சான்றாகலாம். 'ஓனர் திட்டுவாரே' என்ற பயத்தில் கால் அழுத்துபவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

செய்தியே போலியாக இருக்கலாம்

பதறிய மனம் எதையும் நம்பும். மோசடிக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். 'உங்கள் வாகனத்துக்கு அபராதம்' என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வரும். கூடவே 'ஏ.பி.கே.' என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். அதைத் தொட்டால் கைப்பேசி அவர்கள் கைக்குப் போய்விடும்; வங்கிக் கணக்கு காலியாகும்.

எனவே செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள். அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய், வாகன எண்ணையோ சலான் எண்ணையோ கொடுத்துப் பாருங்கள். அரசு முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்றே முடியும். கேமராவோ கருவியோ பதிவு செய்த உண்மையான சலானில் வண்டி எண் தெரியும் படம், பதிவான வேகம், இடம், தேதி, நேரம் எல்லாம் இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு நீங்கள் போகவே இல்லை, அது உங்கள் வண்டியே இல்லை என்றால் மறுப்புத் தெரிவிக்க வழி உண்டு. ஏமாந்து பணத்தை இழந்துவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

அன்று இரவு என்ன செய்யலாம்?

முதலில் மூச்சு. மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் இப்படிச் செய்தால் படபடப்பு தணியும். இழுப்பதைவிட விடும் மூச்சு நீளமாக இருக்கும்போது இதயத் துடிப்பு மெல்ல இறங்கும்.

அடுத்தது ஒரு தாள். மனத்தில் ஓடும் கேள்விகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். எதிரே, அதற்கு நாளை என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். 'ஃபைன் எவ்வளவு? - காலையில் தளத்தில் பார்க்க வேண்டும்.' 'பணம்? - இந்த மாதம் எதைக் குறைக்கலாம்?' தலைக்குள் சுற்றும்போது பூதமாகத் தெரிவது, தாளில் இறங்கியதும் நான்கு வரியில் அடங்கிவிடும். பகலில் கவலைக்கென்று பதினைந்து நிமிடம் ஒதுக்கிவிட்டு, மற்ற நேரத்தில் அது எட்டிப் பார்த்தால் 'அப்போது பேசிக்கொள்ளலாம்' என்று தள்ளிவைப்பதும் மனநல ஆலோசகர்கள் சொல்லித்தரும் முறைதான்.

வீட்டில் சொல்லிவிடுங்கள். மறைத்த விஷயம் இரட்டிப்பாகக் கனக்கும். மாலைக்கு மேல் டீ, காபி வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை அறவே வேண்டாம். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளின் மயக்கம் மறுநாள் காலையிலும் மிச்சமிருக்கலாம். பழகிவிட்டால் விடுவது கடினம். 'ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வரும்' என்பதும் ஏமாற்றம்தான். மது முதலில் கண்ணைச் செருக வைத்தாலும், பின்னிரவில் தூக்கத்தைக் கெடுக்கும்.

கவலையோடு ஸ்டியரிங் பிடித்தால்?

தூங்காத ஓட்டுநர் குடித்த ஓட்டுநருக்கு நிகர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் செயல்வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்குக் குறைந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் சட்டம் அனுமதிக்கும் அளவோ 0.03 சதவீதம்தான். சலானை நினைத்து விடிய விடிய விழித்திருந்துவிட்டு அதிகாலைச் சவாரிக்குக் கிளம்புவது, அபராதத்தைவிடப் பெரிய ஆபத்தைத் தேடிப் போவதாகும்.

இன்னொரு கோளாறும் உண்டு. ஒருமுறை மாட்டியவரின் கண் சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேமராவைத் தேட ஆரம்பிக்கிறது. கேமராவைக் கண்டதும் சட்டென்று பிரேக் போடுவார். தாண்டியதும் மறுபடி அழுத்துவார். பின்னால் வரும் லாரிக்காரருக்கு அந்தத் திடீர் பிரேக் எப்படித் தெரியும்?

ஆறு நிமிடக் கணக்கு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 30 நிமிடம். 100-ல் 24 நிமிடம். மிச்சம் ஆறு நிமிடம். அதுவும் வழியில் எங்கும் நிற்காமல் போனால்தான்.

அந்த ஆறு நிமிடத்துக்கு விலை என்ன? குறுக்கே ஒரு மாடு வருவதைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது என்று கொள்வோம். அந்த ஒரு விநாடியில் 80-ல் போகும் கார் 22 மீட்டரும், 100-ல் போகும் கார் 28 மீட்டரும் கடந்திருக்கும். மோதினால் வெளிப்படும் ஆற்றல் 80-ஐவிட 100-ல் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன; 17,884 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் நடந்த சாலை மரணங்களில் பத்துக்கு ஏழு, அதிவேகக் கணக்கில் பதிவானவை.

இந்த விழுப்புரம் - சென்னை சாலை பதவி பார்ப்பதில்லை. 2019 பிப்ரவரி 23 அதிகாலையில், அன்றைய விழுப்புரம் நாடாளுமன்ற உறுப்பினர் எஸ். ராஜேந்திரன் சென்ற கார் திண்டிவனம் அருகே சாலை நடுத்தடுப்பில் மோதியதில் அவர் உயிரிழந்தார். விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிவைத்ததும் இதே சாலையில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான்.

ஆகவே பயத்தை முழுக்கத் துரத்திவிடாதீர்கள். சலான் பயம் அடங்கட்டும். வேகத்தைப் பற்றிய பயம் கொஞ்சம் இருக்கட்டும்.

மருத்துவரை எப்போது பார்ப்பது?

பதற்றமும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வண்டி எடுக்கவே கை நடுங்கினாலோ, சவாரிகளைத் தட்டிக்கழிக்கத் தொடங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள். திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநல சிகிச்சை பற்றி விசாரிக்கலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

திடீர்ப் பீதி வரும்போது நெஞ்சு அடைப்பது போலவே இருக்கும். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். ஆனால் நடு நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற வலி, இடது கை, தாடை, முதுகுக்குப் பரவுவது, குளிர்ந்த வியர்வை இவையெல்லாம் மாரடைப்பாகவும் இருக்கலாம். எது என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய வேண்டாம். வண்டியை ஓரம் கட்டிவிட்டு 108-ஐ அழையுங்கள்.

அபராதம் உண்மையானால் கட்டிவிடுங்கள். தவறானால் மறுப்புத் தெரிவியுங்கள். இரண்டில் எதுவானாலும் அதை அன்றே முடிவு செய்துவிட்டுத் தூங்கப் போங்கள். மறுநாள் காலை, வண்டியில் ஏறியவர் "கொஞ்சம் வேகமா போங்கண்ணா" என்று சொன்னால், "ஆறு நிமிஷம்தாங்க வித்தியாசம்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேகத்திலேயே ஓட்டுங்கள்.