கை நடுக்கத்திற்கு ஒரு மாத்திரை

ஆங்கில மருத்துவ நூல்கள் 'எஸென்ஷியல் டிரெமர்' என்று குறிக்கும் பிணியின் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'இன்றியமையாத நடுக்கம்' என்றாகும். நடுங்குவதும் வாழ்வுக்கு இன்றியமையாததோ என்று கேட்போர் நகைப்பர். மொழிபெயர்ப்பிலேயே காலங்கழிக்கும் நமக்கு இத்தகைய பொறிகள் பழகியவை. மருத்துவ வழக்கில் அச்சொல்லின் பொருள் வேறு. பிறிதொரு நோயின் விளைவாக அன்றித் தானே தோன்றுவது என்பதே கருத்து. ஆகவே 'தன்னியல் நடுக்கம்' என்று இதனை வழங்குவோம்.

மடியில் ஓய்ந்து கிடக்கும்போது கை அமைதியாக இருக்கும். வேலையில் இறங்கியதும் ஆடத் தொடங்கும். தேநீர்க் குவளையை வாயருகே கொண்டு செல்கையில் தளும்பும். பெரும்பாலும் இரு கைகளிலும் காணும். சிலருக்குத் தலையும் குரலும் கூட நடுங்கும். உடும்பன்சோலை ஏலத் தோட்டத்தில் குனிந்தமர்ந்து முற்றிய காயை மட்டும் தேர்ந்து கிள்ளும் பெண்ணுக்கும், பாலக்காட்டு மலையடிவாரத்தில் ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பாலெடுக்கும் தொழிலாளிக்கும் விரல் நுனியே முதல். அது தடுமாறினால் கூலி குறையும். வங்கியிலோ பழைய கையெழுத்துக்கும் புதியதற்கும் ஒவ்வவில்லை என்று படிவத்தைத் திருப்பித் தருவர். இவற்றினும் கொடிது ஊர்ப்பேச்சு. கை நடுங்குபவரைக் கண்டால் குடிகாரர் என்று முடிவு கட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு.

இப்பிணி பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவது. மும்பையில் பார்சி சமூகத்தாரிடையே வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வொன்று 1988-இல் வெளிவந்தது. அச்சமூகத்தில் இந்நடுக்கம் மிகுதியாக இருப்பதை அது காட்டிற்று. எனவே தந்தைக்கோ பாட்டிக்கோ இவ்வாறு இருந்ததா என்ற கேள்வியை மருத்துவர் தவறாமல் கேட்பர்.

1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோய் இதனின் வேறு. அதில் கை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும்போதே நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும், எழுத்து வரவரச் சிறுத்துப் போகும். தன்னியல் நடுக்கத்திலோ எழுத்து பெரிதாகக் கோணிக் கோணி ஓடும். நாட்டு வைத்தியத்தில் 'கம்பவாதம்' என்ற பெயரால் பூனைக்காலி விதை சேர்ந்த மருந்து தருவதுண்டு. அவ்விதையில் பார்க்கின்சன் நோய்க்குரிய 'லீவோடோப்பா' என்ற பொருள் இருப்பது உண்மையே. ஆயினும் தன்னியல் நடுக்கத்திற்கு அப்பொருளால் பயன் விளைவதில்லை.

இவ்விரண்டையும் பிரித்தறிய மருத்துவர் முதலில் நம்புவது நோயாளியின் வாய்ச்சொல்லையே. இங்கேதான் எல்லைப்புறத் தமிழர்க்கு ஓர் இடர். 1956-இல் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது தேவிகுளம், பீருமேடு, சித்தூர்ப் பகுதிகள் கேரளத்தில் இடம்பெற்றன. அங்குள்ள மருத்துவர் பலர் தமிழ் அறிந்தவரே. எனினும் இரு மொழிக்கும் பொதுவாய்த் தோன்றும் சொற்களே ஏமாற்றுகின்றன. தமிழர் 'கை விறைக்கிறது' என்றால் மரத்துப் போகிறது, மடங்காமல் நிற்கிறது என்று பொருள். மலையாளத்தில் 'விறய்க்குந்நு' என்றால் நடுங்குகிறது என்பதே பொருள்! நாம் 'நடுக்கம்' என்பதையோ அங்கே பெரும்பாலும் அதிர்ச்சி என்ற பொருளில் வழங்குகின்றனர். விறைப்பு பார்க்கின்சன் நோயின் அடையாளம். வெறும் நடுக்கம் அன்று. ஒரு சொல் பிறழ்ந்தால் நோயே மாறிவிடுகிறது. ஆதலின் சொல்லோடு நில்லாமல், ஒரு குவளையில் நீர் வாங்கிக் கையில் ஏந்திக் காட்டுவது நலம். ஒரு தாளில் பெயரை எழுதிக் காட்டுவது இன்னும் நலம்.

இனி மருந்துக்கு வருவோம். 'புரோப்ரானலால்' என்பது அதன் பெயர். 'இன்டெரால்', 'சிப்லார்' என்னும் வணிகப் பெயர்களாலும் அறியப்படுவது. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பிளாக் 1960-களில் இதனை உருவாக்கியது நெஞ்சுவலிக்காகவே. 1988-இல் நோபெல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். அச்சத்திலும் பரபரப்பிலும் சுரக்கும் அட்ரினலின் சென்று பற்றும் இடங்களுள் 'பீட்டா' என்ற வகையை இம்மருந்து அடைத்துக்கொள்ளும். அதனாலேயே பீட்டா தடுப்பு மருந்து எனப்பட்டது. கை நடுக்கத்தையும் இது தணிக்கும் என்பது 1970-களில் தெளிவாயிற்று. 2008-இல் பீஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியத் துப்பாக்கி வீரர் ஒருவர் இதை உட்கொண்டது தெரிந்து, வென்ற இரு பதக்கங்களையும் இழந்தார். கையை நிலைநிறுத்தும் ஆற்றலுக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எனினும் இது நோயை அறுப்பதன்று. நடுக்கத்தின் வீச்சைக் குறைப்பது. அதுவும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கோ அதற்குச் சற்று மேற்பட்டோருக்கோதான் குறிப்பிடத்தக்க பயன் தரும். கைக்கு உதவும் அளவு தலைக்கும் குரலுக்கும் உதவாது. மருத்துவர் சிறிய அளவில் தொடங்கி, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுவர். இலேசான நடுக்கமுடையோர் மகளைத் தாரை வார்க்கும் நாள் போன்ற சமயங்களில் மட்டும் முன்னதாக ஒரு மாத்திரை கொள்ள அனுமதிப்பதும் உண்டு. இது பயன் தராதவர்க்குப் 'பிரிமிடோன்' என்ற மற்றொரு மருந்து இருக்கிறது.

சாராயமும் நடுக்கத்தைச் சிறிது நேரம் அடக்கும். ஆயின் அதன் வேகம் தணிந்ததும் நடுக்கம் முன்னிலும் மிகும். அதை அடக்க மீண்டும் குடிக்க நேரும். ஊரார் சொன்ன பழி அவ்வழியே மெய்யாகிவிடும்.

இனிக் கூறுவது உயிரைப் பற்றியது. இழுப்பு நோயுள்ளவர் இம்மருந்தைத் தொடலாகாது. மூச்சுக் குழல்கள் சுருங்கி உயிருக்கே கேடு நேரலாம். மலையாளத்தில் இழுப்பை 'வலிவு' என்பர். "வலிவுண்டோ?" என்று மருத்துவர் வினவும்போது, உடம்பில் வலி இருக்கிறதா என்று கேட்பதாகக் கொண்டு "இல்லை" என்று விடை சொல்லிவிடக் கூடாது. இழுப்புக்கு உறிஞ்சும் 'சால்பியூட்டமால்' மருந்தே கையை நடுங்கச் செய்வதுண்டு. அந்நடுக்கத்தை அடக்க இம்மாத்திரையை விழுங்குவது இரட்டைத் தீங்கு. நாடித்துடிப்பு மிகவும் மந்தமானவர்க்கும் இதயத் துடிப்பின் மின்னோட்டம் தடைப்பட்டவர்க்கும் இது ஆகாது. நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்வோர்க்குச் சர்க்கரை தாழ்வதைப் படபடப்பும் நடுக்கமும் முன்கூட்டி அறிவிக்கும். இம்மருந்து அவ்வறிவிப்பை மறைத்துவிடும். வியர்வை ஒன்றே பெரும்பாலும் எஞ்சும் அடையாளம்.

பலநாள் உண்டவர் திடீரென்று நிறுத்துவதும் கேடு. இதய நோயுள்ளவர்க்கு நெஞ்சுவலி மூளும்; மாரடைப்பும் வரக்கூடும். பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படும்போது மாத்திரையை மலையிலேயே மறந்து வைத்துவிட்டு வருவோர் இதனைக் கருத்தில் கொள்க.

மூணாற்றிலிருந்து போடிமெட்டு வழியே தேனிக்கு இறங்கி ஒரு மருத்துவரையும், வண்டிப்பெரியாற்றிலிருந்து கோட்டயம் சென்று மற்றொருவரையும் காண்பவர் உண்டு. கொல்லங்கோட்டார்க்குப் பாலக்காடும் பொள்ளாச்சியும் எட்டும் தொலைவே. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் இவ்வகை இயக்கக் கோளாறுகளுக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. எங்குச் சென்றாலும், மறுபக்கத்தில் வாங்கிய மாத்திரை அட்டையையும் உறிஞ்சும் குழலையும் பையோடு எடுத்துச் சென்று மருத்துவரின் மேசைமேல் வைத்துவிடுக. அட்டையில் அச்சிட்ட பெயரை எம்மொழி மருத்துவரும் படித்துக்கொள்வர்.