அவனுக்கும் ஓர் இடம்

முகம் தெரியாமல் இன்டர்நெட்டில் பழகிய தமிழர்கள் கடல் கடந்து போய்ச் சந்தித்தார்கள். அரை நூற்றாண்டாக முகம் பார்த்துப் பழகிய தில்லி மதராசி கேம்ப் மக்களுக்கோ கையில் போன்தான் மிச்சம்.

சிங்கப்பூர், 1997 மே மாதம். தமிழும் இன்டர்நெட்டும் பற்றிய இரண்டு நாள் கருத்தரங்குக்குப் பல நாடுகளிலிருந்து தமிழர்கள் வந்து இறங்கினார்கள். பேராசிரியர்கள், இன்ஜினியர்கள், எழுத்தாளர்கள் எனப் பல தரப்பினர். கம்ப்யூட்டர் திரையில் எழுதி எழுதியே பழகிய வட்டம் அது. அதுவரை வெறும் எழுத்தாகத் தெரிந்த பெயர்களுக்கு அங்கே முகம் கிடைத்தது.

தில்லி, 2025 ஜூன் 1. நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகே, ஜங்புராவில், பாராபுல்லா கால்வாய்க் கரையில் இருந்த மதராசி கேம்ப்பை புல்டோசர்கள் இடித்துத் தள்ளின. இருந்தவை சுமார் 370 வீடுகள். வாசலில் தினமும் பார்த்துக்கொண்டவர்கள் ஊர் எல்லையில் உள்ள நரேலாவுக்கும், அக்கம்பக்கத்து வாடகை அறைகளுக்கும், தமிழ்நாட்டுக்குமாகப் பிரிந்தார்கள். அதுவரை முகமாக இருந்தவர்கள் போனில் ஒரு பெயராக மாறினார்கள்.

ஒரே மொழி பேசுகிறவர்களின் இந்த இரண்டு கதைகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. ஆனால் இரண்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான். மனிதர்கள் சேர்ந்திருக்கக் கம்பியும் அலையும் போதுமா, கூடி உட்கார ஓர் இடமும் வேண்டுமா?

காணாமலே நட்பு

முகம் பார்க்காத நட்பு தமிழனுக்குப் புதிதல்ல. உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிர் என்ற ஊரின் புலவர் ஆந்தையாரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. கேள்விப்பட்டே நண்பர்கள் ஆனவர்கள். பிள்ளைகளோடு பகை மூண்டு, மன்னன் உயிர்விட வடக்கிருந்தபோது, பிசிராந்தையார் வருவார் என்று உறுதியாகச் சொன்னான். சுற்றி இருந்தவர்கள் நம்பவில்லை. 'அவனுக்கும் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள்' என்ற பொருளில் மன்னன் சொன்னதைப் புறநானூறு பதிவு செய்திருக்கிறது. புலவர் வந்தார். ஒதுக்கிய இடத்தில் அமர்ந்து தானும் உயிர் துறந்தார்.

இந்த நட்பை வைத்து பாரதிதாசன் எழுதிய 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு 1969-இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. பார்க்காமல் கடிதத்திலேயே காதலிக்கும் ஜோடியை வைத்து அகத்தியன் எடுத்த 'காதல் கோட்டை' 1996-இல் ஓடு ஓடென்று ஓடி, சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதையும் வாங்கித் தந்தது. பார்வையாளர்கள் சீட் நுனிக்கு வந்ததெல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான்: கடைசியில் இருவரும் சந்திப்பார்களா, மாட்டார்களா? சங்கப் புலவருக்கும் சினிமா இயக்குநருக்கும் தெரிந்த சூட்சுமம் அது. காணாத நட்பின் உச்சம் காண்பதில்தான் இருக்கிறது.

எழுத்துக்கு எண் தேடியவர்கள்

இந்தியாவில் இன்டர்நெட் பொதுமக்களுக்கு வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகாம் வழியாக. அதற்கு முன்பே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கம்பெனிகளிலும் இருந்த தமிழர்கள் கம்ப்யூட்டரில் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள். சிட்னியில் இருந்த பாலா பிள்ளை, தமிழர்கள் மின்னஞ்சலில் தமிழிலேயே உரையாட ஒரு களம் அமைத்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளைத் தந்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி செய்துவந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற எழுத்துருவை உருவாக்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்ற முறையை அமைத்து, 1995-லேயே தமிழை இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டார்.

ஆளுக்கொரு முறை. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 'அ' என்று தட்டினால் உள்ளே ஓர் எண் பதிவாகிறது. அன்றைய முறையில் மொத்தம் 256 எண்கள். அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. மீதியில் எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த எண் என்பதை எழுத்துரு செய்தவர் அவரவர் விருப்பப்படி வைத்தார். ஒருவர் பாசமாக எழுதி அனுப்பிய கடிதம், அதே எழுத்துரு இல்லாத இன்னொருவரின் திரையில் புரியாத குறிகளாகக் கொட்டும். தபாலில் கடிதம் கிடைத்தும் கண்ணாடி கிடைக்காத தாத்தாவின் நிலைமை. அவர்களுக்கு எழுத்துரு என்பது தொழில்நுட்பப் பிரச்னையாக மட்டும் இருக்கவில்லை. பேச்சே அதை நம்பித்தான் இருந்தது.

இதை மின்னஞ்சலிலேயே தீர்த்துக்கொள்ள முடியவில்லை. திரையில் நடக்கும் வாதத்துக்கு முடிவு கிடையாது. எதிராளியின் முகச்சுளிப்பு தெரியாது, சமாதானத்துக்கு ஒரு டீ வாங்கித் தரவும் வழியில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் கோவிந்தசாமியும் முன்னின்று நடத்திய 'தமிழ்நெட் 97' கருத்தரங்கு அந்தச் சூழ்நிலையில்தான் கூடியது.

அடுத்த கூட்டம் சென்னையில், 1999 பிப்ரவரியில். அங்கே எழுந்த பரிந்துரைகளை வைத்து அதே ஆண்டு தமிழக அரசு 'தமிழ் 99' விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. இடக்கைப் பக்கம் உயிரெழுத்து, வலக்கைப் பக்கம் மெய்யெழுத்து. 2000 ஜூலையில் மறுபடியும் சிங்கப்பூர். 'உத்தமம்' என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் அதற்குத் தலைமை ஏற்றார். பிறகு கோலாலம்பூர், கலிபோர்னியா, மீண்டும் சென்னை, ஜெர்மனியின் கொலோன், கோவை, பிலடெல்பியா என்று மாநாடு ஊர் ஊராகப் போனது. இந்தப் பயணங்களுக்கு வித்திட்டவர்களில் ஒருவரான கோவிந்தசாமி 1999-லேயே காலமாகிவிட்டார்.

நேரில் பார்த்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு குறியீட்டு முறை பரிந்துரைக்கப்பட்ட பிறகும், வெளிநாட்டுத் தமிழர்களில் பலர் தங்களுக்குள் பேசி வகுத்த 'திஸ்கி' முறையையே பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். உலகப் பொதுக் குறியீடான யூனிகோட் பரவிய பிறகுதான் அந்தப் பஞ்சாயத்து ஓய்ந்தது. ஆனால் சண்டை போட்டவர்கள் பிரிந்து போகவில்லை. மறுபடி மறுபடி கூடினார்கள்.

சந்திக்காமலே சாதித்த வேலையும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' அதற்கு உதாரணம். பழைய தமிழ் நூல்களைத் தொண்டர்கள் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுக்கும் முயற்சி அது. லோசானில் கல்யாணசுந்தரம் தலைமை. அமெரிக்காவில் குமார் மல்லிகார்ஜுனன் துணை. ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சு செய்தார், இன்னொரு நாட்டில் ஒருவர் பிழை பார்த்தார். ஒரே நூலில் உழைத்தவர்கள் ஒரே அறையில் இருக்க வேண்டிய அவசியமே வரவில்லை. வேலை தெளிவாகப் பிரிந்திருந்தால் திரை போதும். விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில்தான் நேரில் உட்கார வேண்டியிருக்கிறது.

வழிச்செலவு யார் பொறுப்பு?

தெரியாதவர் வீட்டில் தங்கி நட்பு வளர்க்கும் ஏற்பாடு உலகில் பல காலமாக உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த சூட்டில், 1949-இல் டென்மார்க்கில் 'செர்வாஸ்' என்ற அமைப்பு தொடங்கியது. மக்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிப் பழகினால் சண்டை குறையும் என்ற நம்பிக்கை அதன் அடிப்படை. 2004-இல் 'கவுச்சர்பிங்' அதையே இன்டர்நெட்டுக்குக் கொண்டுவந்தது. வெளிநாடு போகிறவர் முன்பின் பார்க்காத ஒருவரின் வீட்டு சோபாவில் படுத்து எழலாம். முதல் சந்திப்பைப் பொது இடத்தில் வைத்துக்கொள்வது, தங்கும் விலாசத்தை வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போவது போன்ற எச்சரிக்கைகளும் கூடவே வந்தன.

இவற்றுக்கெல்லாம் முன் நிபந்தனை ஒன்று உண்டு. பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட், லீவு. சிங்கப்பூருக்கும் கலிபோர்னியாவுக்கும் போனவர்கள் அதைச் சம்பாதிக்கக்கூடியவர்கள், அல்லது அவர்கள் சார்பில் ஒரு நிறுவனம் கொடுக்கக்கூடியவர்கள். அவர்கள் போட்ட உழைப்பின் பலன் மட்டும் டிக்கெட் வாங்க முடியாதவர்களுக்கும் வந்து சேர்ந்தது. முத்து நெடுமாறனின் 'செல்லினம்' 2005-இல் சிங்கப்பூரில் செல்போனுக்குத் தமிழைக் கொண்டுவந்தது. 2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிவானது. தமிழில் எழுதுவதும், எழுதத் தெரியாதவர் குரலைப் பதிந்து அனுப்புவதும், முகம் பார்த்துப் பேசுவதும் கூலி வேலை செய்கிறவருக்கும் சாத்தியமாயின.

மதராசி கேம்ப்பில் கதை தலைகீழாகத் திரும்புவது இங்கேதான்.

பெயர் மாறாத ஊர்

கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வந்து நிற்பது நிஜாமுதீனில். அந்த ஸ்டேஷன் பக்கத்திலேயே 1960-களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் குடிசை போட்டார்கள். 1969-இல் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. 1996-இல் மதராஸ் நகரம் சென்னை ஆனது. தில்லிக்காரர்களுக்கு மட்டும் அவர்கள் கடைசிவரை மதராசிகள்தான்.

பெண்களில் பலர் ஜங்புரா, நிஜாமுதீன், லாஜ்பத் நகர் வீடுகளில் வேலை பார்த்தார்கள். நடந்தே போய்விடலாம் என்பதுதான் அந்த இடத்தின் மதிப்பு. காலையில் ஒரு வீடு, பத்து மணிக்கு இன்னொரு வீடு, மத்தியானம் ஒரு நடை வந்து குழந்தையைப் பார்த்துவிட்டு மறுபடியும் வேலை. இந்த மாதிரிப் பிழைப்பு அண்டை வீட்டை நம்பித்தான் ஓடும். புது வேலை பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் கிடைக்கும். காய்ச்சலில் படுத்தால் வேலை செய்யும் வீட்டுக்குத் தகவல் சொல்ல எதிர் வீட்டுப் பெண் போவாள். பள்ளிவிட்டு வரும் குழந்தை யார் வீட்டிலாவது சாப்பிட்டுவிடும்.

மழைக்காலத்தில் தண்ணீர் வடியாமல் சுற்றுவட்டாரம் மூழ்குகிறது, பாராபுல்லா கால்வாயைத் தூர்வார ஆக்கிரமிப்பு தடையாக இருக்கிறது என்பது வழக்கு. 2025 மே 9 அன்று தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 1 முதல் இடிக்க உத்தரவிட்டது. வெள்ளம் உண்மை. கால்வாய் சுருங்கியதும் உண்மை. மாற்று வீடுகள் நரேலாவில் ஒதுக்கப்பட்டன. தில்லியின் கொள்கைப்படி 2015 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருந்ததற்கு ஆவணம் காட்ட வேண்டும். முதல் கணக்கில் 370-இல் 189 வீடுகள்தான் தேறின. பின்னர் மேலும் சில சேர்க்கப்பட்டன. மற்றவர்கள் அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சொந்த ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது.

நரேலா தலைநகரின் வட கோடி, ஹரியானா எல்லை. ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். 2019-இல் தில்லி பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் ரத்தானது. ஆனால் பஸ் மாறி மாறிப் போகும் நேரத்தை யாரும் ரத்து செய்ய முடியாது. காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் பாத்திரம் தேய்க்க வேண்டியவர் விடிவதற்கு வெகுநேரம் முன்பே நரேலாவில் கிளம்ப வேண்டும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. லோதி எஸ்டேட்டில் ஒன்று உண்டு. நரேலாவில் ஒன்றுகூட இல்லை.

சிதறியவர்களுக்குப் போன் கைகொடுக்கிறது என்பதில் சந்தேகமில்லை. முகம் பார்க்கலாம், குரல் கேட்கலாம், கல்யாணப் பத்திரிகை அனுப்பலாம். ஆனால் போனில் ஒரு டம்ளர் சர்க்கரை கடன் வாங்க முடியாது. வேலைக்குப் போகும் இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல முடியாது. ராமகிருஷ்ணாபுரத்தில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, மலை மந்திர் முருகன் கோயில் இருக்கிறது. விசேஷ நாளில் சந்திக்க அவை போதும். அண்டை வீடு என்பது விசேஷ நாள் சமாச்சாரம் அல்ல.

மாநாட்டுக்குப் போன நண்பர்களுக்கு வருடத்தில் இரண்டு நாள் போதுமானதாக இருந்தது. மதராசி கேம்ப்பில் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு நாளும் தேவை. இந்த வித்தியாசம் புரிந்தால் மாற்று வீடு கொடுப்பதில்கூடச் செய்யக்கூடியது ஏராளம். ஒரே சந்தில் இருந்த குடும்பங்களை ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து வைப்பதற்குக் கூடுதல் செங்கல் தேவையில்லை. பழைய வேலையிடத்துக்கு நேரடி பஸ் விடுவதும், தமிழ் படித்த குழந்தை தமிழைத் தொடர வழி செய்வதும் பெரிய திட்டங்கள் அல்ல. தகுதிப் பட்டியல் ஆவணத்தைப் பார்த்து வீடுகளை எண்ணுகிறது. பக்கத்து வீட்டில் யார் என்று அதற்குத் தெரியாது.

சாகப் போகும் நேரத்தில்கூட ஒரு சோழ மன்னனுக்கு, தான் பார்த்தே இராத நண்பனுக்கு ஓர் இடம் ஒதுக்கத் தோன்றியது. தில்லி அடுத்த குடிசைப் பகுதியை அப்புறப்படுத்தும்போது, ஐம்பது ஆண்டு பார்த்துப் பழகியவர்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இடம் ஒதுக்க யாருக்காவது தோன்றுமா?