பழைய மாட்டுக் கொட்டகையைக் குடும்பமாகச் சேர்ந்து சீரமைக்கலாம்!

மண் சுவர், பனங்கை, மேலே நாட்டு ஓடு அல்லது மங்களூர் ஓடு. தாத்தா காலத்தில் கட்டிய இப்படிப்பட்ட கொட்டகை பல தோட்டங்களில் இன்னமும் நிற்கிறது. மழை வந்தால் நாலைந்து இடத்தில் ஒழுகும். சுவரின் அடிப்பாகம் கரைந்திருக்கும். 'இடித்துவிட்டு நாலு இரும்புக் குழாயை நட்டு, தகரம் போட்டுவிடலாம்' என்பதுதான் முதலில் வரும் யோசனை.

அவசரப்பட வேண்டாம். சித்திரை வெயிலில் தாழ்வான தகரக் கொட்டகைக்குள் நிற்கும் மாடு, தீனியைக் குறைக்கும், பாலும் குறையும். ஓட்டுக் கூரை அந்த அளவுக்குச் சூட்டை இறக்காது. உள்ளே இருக்கும் வயிரம் பாய்ந்த பனங்கையை இடித்துப் போட்டுவிட்டால், மறுபடி கிடைப்பதும் எளிதல்ல. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே தமிழக அரசு அறிவித்துவிட்டது. கையில் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் லாபம்.

முதலில் பேசி முடியுங்கள்

பல கொட்டகைகள் விழுவதற்குக் காரணம், அது அண்ணன், தம்பிக்குப் பொதுவாக இருப்பதுதான். 'நான் செலவு செய்தால் நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது என்ன ஆகும்?' என்று ஒவ்வொருவரும் ஒதுங்கிக்கொள்ள, ஓடு ஒவ்வொன்றாகச் சரியும். வேலையைத் தொடங்கும் முன் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். யார் எவ்வளவு பணம் போட்டார்கள், யார் எத்தனை நாள் உழைத்தார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர் பணம் தரலாம். ஊரில் இருப்பவரின் உழைப்பையும் அன்றைய கூலிக்குச் சமமாகக் கணக்கில் எழுதுங்கள். பின்னால் மனக்கசப்பு வராது.

அறுவடை முடிந்து, பள்ளி விடுமுறையும் வரும் ஏப்ரல், மே மாதங்கள் இதற்கு ஏற்றவை. கோடை மழைக்கு ஒரு தார்ப்பாய் தயாராக இருக்கட்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் பூச்சு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

நிற்குமா, நிற்காதா?

சுவர் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தாலோ, நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ நீங்களாக எதையும் தொடாதீர்கள். அனுபவமுள்ள கொத்தனாரை அழைத்துக் காட்டுங்கள். விரிசலின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். சில வாரங்களில் காகிதம் கிழிந்தால், சுவர் இன்னும் அசைகிறது என்று அர்த்தம்.

கைமரம், உத்திரம் ஆகியவற்றின் முனை சுவருக்குள் நுழையும் இடம்தான் முதலில் உளுக்கும். அங்கே கடப்பாரை முனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்த மரத்தை மாற்ற வேண்டும். கரையான் மண் கோடு தெரிந்தால், அது எங்கிருந்து ஏறுகிறது என்று தரைவரை பின்தொடர்ந்து பாருங்கள்.

தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் ஒழுகுகிறது என்பதை, தினமும் அங்கே பால் கறப்பவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாத பழுது அந்தக் கொட்டகையில் இருக்காது.

கூரையிலிருந்து தொடங்குங்கள்

பழைய கொட்டகைக்கு முதல் எதிரி தண்ணீர். ஒழுகும் கூரையை விட்டுவிட்டுச் சுவரைப் பூசினால், அடுத்த மழையில் பூச்சு உதிர்ந்துவிடும். அதனால் கூரை, சுவர், தரை என்ற வரிசையிலேயே வேலை நடக்கட்டும்.

ஓட்டைப் பிரிக்கும்போது இரண்டு பக்கச் சரிவிலும் சமமாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் மட்டும் காலியானால் பாரம் ஒருபக்கமாகச் சாய்ந்து சட்டம் நெளியும். இறக்கிய ஓட்டை விரலால் தட்டினால், நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். மங்களூரில் பாசல் மிஷன் முதல் ஓட்டு ஆலையை 1865-ல் தொடங்கிய பிறகு பல ஆலைகள் வந்தன. ஒரு ஆலையின் ஓடு இன்னொன்றோடு சரியாகப் பொருந்தாமல் போகலாம். ஓட்டின் மேல் உள்ள முத்திரையைப் பார்த்து, அதே வகையை வாங்குங்கள். ஊரில் இடிக்கும் பழைய வீடுகளில் கிடைக்கும். கூரை விளிம்பு, சுவரைத் தாண்டி 2 அடியாவது வெளியே நீண்டிருக்கட்டும்.

சுவரும் தரையும்

சாரலும் கோமியமும் பட்டு அரித்த அடிச்சுவரை ஒரே நேரத்தில் நீளமாக வெட்டாதீர்கள். உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, 2 அடி நீளம் மட்டும் எடுத்து, கல் வைத்து அடைத்து, அது இறுகிய பிறகு சற்றுத் தள்ளி அடுத்த 2 அடியை எடுங்கள்.

சுவர் விரிசல்களை அடைத்துச் சுண்ணாம்பு அடித்தால், உண்ணி ஒளிந்து முட்டையிடும் இடம் குறையும்.

தரைக்கு 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் வாட்டம் கொடுங்கள். கோமியம் ஒரு குழியில் சேர்ந்தால் பஞ்சகவ்யாவுக்கு ஆகும். பசு ஒன்றுக்கு 3.5 சதுர மீட்டர், எருமைக்கு 4 சதுர மீட்டர் கூரை நிழல் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு.

யாருக்கு எந்த வேலை?

ஏணியும் கூரையும் பழகிய பெரியவர்களுக்கு மட்டும். வேலைக்கு முன் மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஓட்டுக் குவியலில் தேளும் பாம்பும் தங்கும். செருப்பில்லாமல் யாரும் கை வைக்க வேண்டாம். சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும்; கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தண்ணீரில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

தாத்தா, பாட்டி உட்கார்ந்தபடி ஓட்டைத் தட்டிப் பிரிக்கலாம். எந்த மரம் எப்போது மாற்றியது என்று சொல்ல அவர்களை விட்டால் ஆள் இல்லை. பிள்ளைகளுக்கு முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, தினமும் மாலையில் தரை முழுக்க இழுக்க வேண்டும். தீனியோடு ஆணியை விழுங்கிய மாட்டுக்கு, அது வயிற்றைத் துளைத்து இதயம்வரை போய் உயிரையே எடுத்துவிடும்.

அடிக்கடி எழும் இரண்டு கேள்விகள்

மண் சுவருக்கு சிமென்ட் பூசலாமா?

வேண்டாம். மண் சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சிமென்ட் அடைத்துவிடும். மேலே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே மண் இளகும். மண் பூச்சு அல்லது 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் சேர்த்த பூச்சு போதும்.

ஓட்டுக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் போடலாமா?

ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புதிதாகப் போட வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் ஷீட்டை அறுக்கவோ உடைக்கவோ செய்யாமல், நன்றாக நனைத்து முழுதாக இறக்குங்கள்.

வேலை முடிந்த பிறகு, ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் ஒரு நாள் ஏறி, நகர்ந்த ஓட்டைச் சரிசெய்து, சருகைத் தள்ளிவிடுங்கள். இந்த ஒரு நாள் வேலையை விட்டால்தான் சேதம் தொடங்கும்.